ஆயிரம்னு சொல்லிட்டு வாயை மூடறது

"ஒரு செஷனுக்கு எவ்ளோ மேடம்"னு போன்ல யாராவது கேட்டா போதும், எனக்கு தொண்டை அடைச்சுக்கும். எட்டு வருஷம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில சம்பளத்துக்கு கவுன்சலிங் பாத்தவ நான், அங்க பில்லிங் கவுன்டர்ல வேற யாரோ காசு வாங்குவாங்க, என் ரூமுக்குள்ள காசுங்கற பேச்சே வந்ததில்ல. போன ஜூன்ல திருச்சி தில்லை நகர்ல ஒரு கிளினிக் மாடில சாயங்காலத்துக்கு மட்டும் ஒரு ரூம் புடிச்சு தனியா ஆரம்பிச்சேன்.

முதல் போன் லால்குடிலேர்ந்து ஒரு அப்பா, காலேஜ் படிக்கிற பையனுக்காக. "எவ்ளோம்மா ஆகும்?" நான் ஒரே மூச்சுல, "ஐநூறு சார், கஷ்டம்னா முந்நூறு கூட ஓகே, முதல் செஷன் வேணா ஃப்ரீயாவே பாத்துக்கலாம்"னு சொல்லி முடிச்சேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஏம்மா, நீங்க புதுசா?"ன்னார். பையனை கூட்டிட்டு வரவே இல்ல.

அந்த ஐநூறு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா சிரிப்பீங்க. கீழ டாக்டர் 300 வாங்கறார், எம்பிபிஎஸ் படிச்சவரே அவ்ளோதான்னா நம்ம யாரு ஆயிரம் கேக்கன்னு ஒரு கூச்சம், அவ்ளோதான் கணக்கு. ஆனா அவர் ஒரு சாயங்காலத்துல நாப்பது பேரை பாப்பார், நான் ஒரு ஆளோட 50 நிமிஷம் உக்காரணும், அப்புறம் நோட்ஸ் எழுதணும், வீட்டுக்கு வந்து சாம்பாருக்கு தாளிக்கும்போதும் அந்த ஆள் சொன்னதுதான் மண்டைல ஓடும். இதுல எங்க பெரியம்மா வேற, "சும்மா உக்காந்து பேசறதுக்கா காசு வாங்கற, பாவம்டி"ன்னு.

ஒரு ஞாயித்துக்கிழமை பழைய டைரியோட பின்பக்கத்துல கணக்கு போட்டேன். வாடகை 8,000, மாசம் ரெண்டு தடவை சூப்பர்விஷன் (என் கேஸ்களை ஒரு சீனியர் கவுன்சலர்கிட்ட பேசி சரி பாத்துக்கறது) 3,000, கரண்ட் நெட் போன் 1,500, ட்ரெயினிங்குக்கு எடுத்து வைக்க 2,500, ஆக 15,000. மாசம் 40 செஷன் வந்தாலே எனக்கு அப்ப பெரிய விஷயம். ஐநூறுன்னா 20,000, செலவு போக கைல 5,000. ஆஸ்பத்திரில பஸ் பாஸுக்கும் டீக்குமே கிட்டத்தட்ட அவ்ளோ ஆகும். ஆயிரம்னா கைல 25,000. ஜிஎஸ்டி வந்துருமோன்னு வேற ஒரு பயம் இருந்துச்சு, வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாத்தான் ரிஜிஸ்டர் பண்ணற கதைன்னு தெரிஞ்சப்பறம் நானே சிரிச்சுக்கிட்டேன், அந்தப் பக்கமே நான் போகப்போறதில்ல.

ஆனா கணக்கு புரிஞ்சதால வாய் வந்துடல. என்னை மாத்தினது ஒரு கிளையன்ட் (அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், அடையாளத்தையும் மாத்திட்டேன்). வேலை போயிடுச்சுன்னாங்க, நான் உடனே பெரிய மனசு பண்ணி காசே வேணாம்னுட்டேன். மூணு மாசம் வந்தாங்க. ஒரு நாள், "மேடம், போன மாசம் நீங்க ரெண்டு தடவை கொட்டாவி விட்டீங்க, எனக்கு அவ்ளோ கோவம், ஆனா காசு வாங்காம பாக்கறவங்களை எப்படி கேக்கறதுன்னு முழுங்கிட்டேன்"னாங்க. அந்த ரூம்ல கோவப்பட முடியலன்னா அப்புறம் என்ன தெரபி? அடுத்த வாரத்துலேர்ந்து 200 ரூபா குடுக்கறேன்னு அவங்களேதான் சொன்னாங்க.

பேசியே மனசுக்கு வைத்தியம் பாக்கற முறைக்கு முன்னோடியான ஃப்ராய்டும் இதை பாத்துருக்கார், தினம் ஒரு மணி நேரம், சில சமயம் ரெண்டு, பத்து வருஷமா ஃப்ரீயா பாத்தேன், நினைச்ச பலன் இல்லன்னு 1913ல எழுதினார். ஆனா அதே மனுஷன் 1918ல புடாபெஸ்ட்ல ஏழைங்களுக்கு இலவசமா மனசுக்கு வைத்தியம் பாக்கற நாள் வரணும்னு பேசினார். ரெண்டும் சரின்னுதான் எனக்கு தோணுது, ஆனா அந்த ரெண்டாவது வேலையை என் ஒத்தை ரூம் வாடகையை வெச்சு செய்ய முடியாது.

எங்க சூப்பர்வைசர் அக்கா செஞ்சது ரொம்ப சிம்பிள். என்னை எதிர்ல உக்கார வெச்சு, "சொல்லு"ன்னாங்க. "ஆயிரம் ரூபா, ஆனா..." "ஆனா கிடையாது, திரும்ப சொல்லு." "ஆயிரம் ரூபாதான் மேடம்..." "தான் எதுக்கு? திரும்ப." பதினோரு தடவை. சொல்லிட்டு மூணு எண்ணற வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கணும், அந்த மூணு செகண்ட்தான் கஷ்டமே, அதுக்குள்ளதான் நம்மளே டிஸ்கவுன்ட் குடுத்துடறோம்.

இப்ப ஆயிரம். வாரத்துக்கு ரெண்டு ஸ்லாட் மட்டும் 400க்கு, அது நிறைஞ்சா நிறைஞ்சதுதான். 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லாம வரலன்னா முழு ஃபீஸ், முதல் தடவை மட்டும் விட்டுடுவேன், இதை முதல் நாளே பேப்பர்ல குடுத்துடறேன். 2017 மனநலச் சட்டத்துல உடம்புக்கு குடுக்கற மாதிரியே மனசுக்கும் இன்சூரன்ஸ் குடுக்கணும்னு இருக்கு, ஆனா பெரும்பாலான பாலிசி அட்மிஷன்னாத்தான் காசு தரும், வாராவாரம் வந்து பேசறதுக்கு தராது, அதனால இது ஜனங்க பாக்கெட்லேர்ந்துதான் வருதுன்னு எனக்கு தெரியும். முடியாதவங்களுக்கு ஜிஹெச் மனநல ஓபி, கவர்ன்மென்ட்டோட இலவச மனநல போன் லைன் டெலி மானஸ் 14416, ரெண்டையும் எழுதி போன் பக்கத்துலயே ஒட்டி வெச்சிருக்கேன். நேத்து ஒருத்தர், "ஜாஸ்திங்க"ன்னார், அந்த நம்பரை சொன்னேன், தேங்க்ஸ்னு வெச்சுட்டார். கை நடுங்கல.

ஏப்ரல்லேர்ந்து 1,200 ஆக்கணும். பழைய கிளையன்ட்ஸுக்கு வாட்ஸப்ல மெசேஜ் டைப் பண்ணி பத்து நாளா அப்படியே கிடக்கு. அதுலயும் ஒரு "ஆனா" இருக்கு, இன்னும் எடுக்கல.