சாகக் கிடக்கும் டிஸ்க்கிலிருந்து டேட்டாவை எடுப்பது

ஃபைலைத் திறந்தால் நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கிறது, லினக்ஸில் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கமாண்டைக் கொடுத்தால் ஐ-ஓ (படித்தல்-எழுதுதல்) எரர் வரிவரியாக ஓடுகிறது என்றால் அந்த டிஸ்க்கை மவுன்ட் செய்யாதீர்கள், அதாவது சிஸ்டத்தில் இணைத்துத் திறக்காதீர்கள். ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே வேண்டவே வேண்டாம். அது டிஸ்க்கில் எழுதும். பாதி படிக்கவே முடியாத டிஸ்க்கில் எழுதினால் மிச்சமிருப்பதும் குலையும். 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் கமாண்டுகளுக்கு அங்கே வேலையில்லை. கரண்டை நிறுத்திவிட்டு டேட்டா மீட்கும் லேபுக்கு அனுப்புங்கள்.

சத்தமில்லையா? டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டை 'மைனஸ் ஏ' போட்டு ஓட்டுங்கள். 197 என்ற எண்ணுள்ள வரியில் படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்), 5 என்ற எண்ணுள்ள வரியில் மாற்றப்பட்டுவிட்டவை. இரண்டும் 0 ஆக இருந்து 199 மட்டும் ஏறினால் சந்தேகம் கேபிள் மேல்தான். முதலில் அதை மாற்றுங்கள்.

நகலெடுக்க வழக்கமான டிடி கமாண்ட் போதாது. 'நோஎரர்' மட்டும் கொடுத்தால் படிக்க முடியாத இடம் நகலில் விடுபட்டு, பின்னால் வருவதெல்லாம் இடம் தவறும். 'சிங்க்' சேர்த்தால் இடம் தவறாது. ஆனால் பெரிய பிளாக்கில் ஒரு செக்டர் கெட்டாலும் அக்கம்பக்கத்து நல்ல டேட்டாவும் சேர்ந்து சுழியமாகலாம். தொடக்கத்திலேயே கெட்ட இடம் இருந்தால் அங்கேயே மல்லுக்கட்டி டிஸ்க்கின் மிச்ச ஆயுளைத் தீர்த்துவிடும்.

ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி இதைத் தலைகீழாகச் செய்கிறது: நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வருகிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. கமாண்டில் வரிசை முக்கியம்: மூல டிஸ்க், இமேஜ் ஃபைல் (டிஸ்க்கின் முழு நகல்), மேப்ஃபைல் (எந்த இடம் மீண்டது, எது மீளவில்லை என்ற குறிப்பு). டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் இடும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்களை நம்பாதீர்கள். டிஸ்க் துண்டித்து மீண்டும் சேரும்போது எழுத்து மாறலாம். சீரியல் எண் உள்ள பை-ஐடி பாதையைக் கொடுங்கள். இமேஜை வேறு டிஸ்க்கில் எழுதுங்கள். அந்த டிஸ்க்குக்கு ஃபேட்32 ஃபார்மேட் ஆகாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது.

முதல் ஓட்டம் 'மைனஸ் டி மைனஸ் என்': கேஷைத் தாண்டி நேரடியாகப் படிக்கும், கெட்ட இடங்களைச் சுரண்டாமல் விடும். அடுத்தது 'மைனஸ் டி மைனஸ் ஆர் 3': கெட்ட இடங்களை மூன்று முறை மீண்டும் முயலும். அப்போதும் விடாப்பிடியான பகுதி இருந்தால் பெரிய 'ஆர்' போட்டுப் பின்னாலிருந்து படிக்கவையுங்கள்.

மேப்ஃபைலைத் தொலைக்கவே கூடாது. அதில் கூட்டல் குறி மீட்ட பகுதி, கழித்தல் குறி கெட்ட செக்டர், கேள்விக்குறி இன்னும் தொடாத இடம். டிஸ்க் நடுவில் காணாமல் போனாலும் கரண்டை நிறுத்திப் போட்டு அதே கமாண்டைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இனி எல்லா வேலையும் இமேஜின் பிரதியில்தான். இமேஜ் ஃபைலை டிஸ்க் போலக் காட்டும் லூப் டிவைஸை ரீட்-ஒன்லியாக அமையுங்கள். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 என்றால் மவுன்ட் செய்யும்போது 'நோலோட்' சேருங்கள், இல்லையென்றால் ஜர்னலை (முடியாத மாற்றங்களின் பதிவை) ஓட்டப் பார்க்கும். எதுவும் மவுன்ட் ஆகாவிட்டால், ஃபைல்களை அவற்றின் உள்ளடக்கத்தை வைத்தே தேடி எடுக்கும் ஃபோட்டோரெக். ஆனால் ஃபைல் பெயர்களும் ஃபோல்டர்களும் போய்விடும்.

எந்தெந்த ஃபைல் கெட்டது என்று தெரிய ஒரு வழி உண்டு. இன்னொரு பிரதியில் டிடிரெஸ்க்யூவுக்கு ஃபில்-மோடு கொடுத்து, கழித்தல் குறியிட்ட செக்டர்களில் வேறெங்கும் வராத ஒரு சொல்லை நிரப்புங்கள். பிறகு மவுன்ட் செய்து, சொல்லைத் தேடும் கிரெப் கமாண்டை ஓட்டினால் அந்தச் சொல் அகப்படும் ஃபைல்களே பழுதானவை.