ஜெர்மனிக்குப் பார்சல் அனுப்புவோரும் அட்டைப்பெட்டியின் கணக்கும்

கரூரிலிருந்து மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் ஜெர்மனிக்குப் போவது புதிதல்ல. கன்டெய்னரில் சரக்கு ஏற்றி அனுப்பிய தலைமுறைக்கு, அந்தச் சரக்கைச் சுற்றியிருந்த அட்டையும் பாலி கவரும் அங்கே போய் என்ன ஆகின்றன என்று கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் வரவில்லை. எல்லையைக் கடக்கும் வேளையில் சரக்குக்குச் சட்டப்படி யார் பொறுப்போ அவரே பேக்கிங்கிற்கும் பொறுப்பு என்பது அங்குள்ள விதி. அந்த இடத்தில் வழக்கமாக ஜெர்மானிய இறக்குமதியாளர்தான் நின்றார். இன்று அதே வீடுகளின் பிள்ளைகள், அதே துண்டை எட்ஸியிலும் அமேசானிலும் சொந்த இணையதளத்திலும் ஒன்றும் இரண்டுமாக, வாங்குபவரின் வீட்டு வாசலுக்கே அனுப்புகிறார்கள். இறக்குமதியாளர் நடுவில் இல்லாததால் லாபம் கூடியிருக்கிறது. அவர் சுமந்த பொறுப்பும் சேர்ந்தே நம் கைக்கு வந்திருக்கிறது. ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். லாபத்தைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு இந்தப் பொறுப்பைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில் வீட்டுப் பேக்கிங் கழிவை அள்ளும் செலவு, ஊராட்சிக்குக் கட்டும் குப்பை வரியிலிருந்து வருவதில்லை. 1991-இல் வந்த பேக்கேஜிங் ஆணை, அந்தப் பேக்கிங்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரே அதைத் திரும்பப் பெறவும் வேண்டும் என்று விதித்தது. ஒவ்வொரு வியாபாரியும் தன் பெட்டியைத் தேடிப்போய் எடுத்துவர முடியாது. எனவே உற்பத்தியாளர்களிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காகக் கழிவைச் சேகரிக்கும் நிறுவனங்கள் உருவாயின. நகராட்சி ஏற்பாட்டுக்கு இணையாக ஓடுவதால் இவற்றை இரட்டை அமைப்புகள் என்கிறார்கள். டெர் க்ரூன புங்க்ட், லாண்ட்பெல், இன்டர்ஸீரோ போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. பிளாஸ்டிக்கும் தகரமும் போகும் மஞ்சள் பை, அட்டையும் காகிதமும் போகும் நீலத் தொட்டி ஆகியவற்றின் பின்னால் இந்தப் பணம் இருக்கிறது. ஆணை இருந்தும் பணம் கட்டாமல் நழுவியவர்கள் ஏராளம். அவர்களின் பெட்டிகளுக்கும் சேர்த்து ஒழுங்காகக் கட்டியவர்கள் சுமந்தார்கள். அதைச் சரிசெய்யவே 2019 ஜனவரி 1 முதல் புதிய பேக்கேஜிங் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓஸ்னாப்ரூக் நகரில் அமைந்துள்ள மையப் பதிவகமும், அது நடத்தும் லூசிட் என்னும் பொதுப் பதிவேடும் அந்தச் சட்டத்தின் வழி பிறந்தவை.

இந்தச் சட்டத்தில் நம் ஊர் விற்பனையாளர்கள் நம்ப மறுக்கும் பகுதி ஒன்று உண்டு: பதிவுக்கும் கட்டணத்துக்கும் குறைந்தபட்ச அளவு என்று எதுவுமே கிடையாது. ஆண்டுக்குப் பத்துப் பார்சல் அனுப்புபவருக்கும் பத்தாயிரம் அனுப்புபவருக்கும் கடமை ஒன்றே. கண்ணாடி 80,000 கிலோ, காகிதமும் அட்டையும் 50,000 கிலோ, பிளாஸ்டிக், தகரம் போன்ற இலகுரகப் பேக்கிங் 30,000 கிலோ என்ற வரம்புகளைக் காட்டி, "நமக்கு இது பொருந்தாது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை ஆண்டுதோறும் தணிக்கை செய்து மே 15-க்குள் தாக்கல் செய்யவேண்டிய முழுமை அறிக்கைக்கான வரம்புகள் மட்டுமே. சிறியவர் என்பதால் தப்புவது அந்த அறிக்கையிலிருந்துதானே தவிர, சட்டத்திலிருந்து அல்ல. இது கடுமையான விதி என்று எனக்குத் தோன்றவில்லை. நம் பெட்டியும் யாரோ ஒருவரின் நீலத் தொட்டியில்தான் விழுகிறது; அதை அள்ளும் வண்டிக்கு அனுப்பியவர் சிறியவரா பெரியவரா என்ற வித்தியாசம் தெரியாது.

கடமை இரண்டு பகுதிகளால் ஆனது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான். லூசிட்டில் பதிவு செய்வது ஒன்று; இரட்டை அமைப்பு ஒன்றுடன் ஒப்பந்தம் செய்து எடைக்கேற்பக் கட்டணம் கட்டுவது மற்றொன்று. லூசிட் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பெயர், முகவரி, வரி எண், விற்கும் பிராண்டுகளின் பெயர்கள் ஆகியவற்றைக் கொடுத்தால், டிஇ என்ற எழுத்துகளுக்குப் பின் 13 இலக்கங்கள் கொண்ட எண் கிடைக்கும். அந்த எண்ணை விற்பனைத் தளத்தில் நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள் பலர். இரட்டை அமைப்புக்குத் தெரிவிக்கும் எடையை, பொருள்வாரியாக, மாற்றமின்றி லூசிட்டிலும் பதிவு செய்ய வேண்டும். இரட்டை அமைப்புகளும் தங்கள் பக்கத்துக் கணக்கைப் பதிவகத்துக்கு அனுப்புவதால், இரண்டையும் ஒப்பிடுவது அவர்களுக்கு எளிது. பதிவேட்டை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். போட்டி வியாபாரியின் வழக்கறிஞரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வருவதும் அங்கே வழக்கமானது. பதிவு செய்யாமல் விற்றால் 1 லட்சம் யூரோ வரையிலும், இரட்டை அமைப்பில் சேராமல் விற்றால் 2 லட்சம் யூரோ வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

எடை பார்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, வழக்கமாக அனுப்பும் ஒரு பார்சலை மேசைமேல் வைத்துப் பிரித்துப் பாருங்கள் என்பதே. நான்கு துண்டு கொண்ட ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். துண்டுகளைச் சுற்றிய கெட்டிக் காகிதப் பட்டை, அதன்மேல் பாலி கவர், வெளியே மூன்றடுக்கு அட்டைப்பெட்டி, மூடிய டேப், முகவரி லேபிள், மூலையில் திணித்த பப்பிள் ரேப் ஆகிய அனைத்தும் கணக்கில் வரும். துண்டு மட்டுமே வராது. காகிதம் சார்ந்தவற்றை ஒரு பக்கமும் பிளாஸ்டிக்கை மறுபக்கமும் வைத்து, நகைக்கடைத் தராசு இல்லாவிட்டாலும் கிராம் காட்டும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டால், ஆண்டுக்கு இத்தனை பார்சல் என்று பெருக்கினால் போதும். சிக்கல் தருவது, உள்பக்கம் பப்பிள் ஒட்டிய காகிதக் கவர். கையால் பிரிக்க முடியாதபடி இரண்டு பொருள்கள் ஒட்டியிருந்து, எந்த ஒன்றும் எடையில் 95 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், அது காகிதமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. கலப்புப் பேக்கிங் என்ற தனி வகை. கடையில் வாங்கிய பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்துவது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஜெர்மனியில் கட்டணம் கட்டப்பட்டது என்று நிரூபிக்க முடியாவிட்டால், அதையும் புதிய பெட்டியாகவே கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். ஓட்டலுக்கோ மருத்துவமனைக்கோ அனுப்பினால் விலக்கு என்றும் நினைக்க வேண்டாம். அவை வீடுகளுக்கு இணையான இடங்களாகவே கருதப்படுகின்றன.

2022 ஜூலை 1 வரை, வெளிநாட்டுச் சிறு விற்பனையாளர் இதையெல்லாம் அறியாமலே காலம் தள்ள முடிந்தது. அந்த நாள் முதல், பதிவும் ஒப்பந்தமும் இல்லாதவரின் பொருளை ஆன்லைன் சந்தைகள் விற்பனைக்கு வைக்கக் கூடாது. சரக்கைக் கிடங்கில் வைத்துப் பொதிந்து அனுப்பும் நிறுவனங்களும் அவருக்குச் சேவை தரக் கூடாது. அத்தகைய கிடங்கு நிறுவனம் தன் சொந்தப் பெட்டியில் பொதிந்து அனுப்பினாலும், அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு விற்பனையாளரையே சேரும். எனக்குத் தெரிந்து, தீபாவளி முடிந்து கிறிஸ்துமஸ் விற்பனை சூடுபிடிக்கும் வாரத்தில் பொருள்பட்டியல் முடக்கப்பட்டு, கிடங்கில் சரக்கு தேங்கிய பின்னரே இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டவர்கள் உண்டு. அந்த அவசரத்தில்தான் இடைத்தரகர்கள் வருகிறார்கள். இலவசமான லூசிட் பதிவுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பதிவை விற்பனையாளரே செய்ய வேண்டும். மற்ற கடமைகளுக்கு ஜெர்மனியில் ஒரு பிரதிநிதியை நியமிக்கச் சட்டம் அனுமதித்தாலும், பதிவை மட்டும் அந்த அனுமதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

பிரிட்டன் வேறு வழியைத் தேர்ந்துகொண்டது. அங்கே ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் பவுண்டு, பேக்கிங் 25 டன் ஆகிய இரண்டையும் தாண்டும் நிறுவனங்களுக்கு மட்டுமே கடமை. வெளிநாட்டு விற்பனையாளர் ஆன்லைன் சந்தை வழியே அனுப்பும் பேக்கிங்கிற்குச் சந்தை நடத்துபவரே பொறுப்பேற்கிறார். சிறியவருக்கு அது எளிது என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் ஜெர்மானிய முறையே மேலானது என்று நான் கருதுகிறேன். தன் பேக்கிங்கைத் தானே நிறுத்து எழுதும் வியாபாரிதான், இவ்வளவு பிளாஸ்டிக் எதற்கு என்று முதன்முறையாகக் கேட்கிறார். என் வாடிக்கையாளர் ஒருவர் ஒவ்வொரு துண்டுக்கும் போட்டுவந்த தனிக் கவரை நிறுத்தியது அப்படித்தான். ஒரு செட்டுக்கு இப்போது ஒரே கவர். மறுசுழற்சிக்கு ஏற்ற பேக்கிங்கிற்குக் கட்டணத்தில் ஊக்கம் தரவேண்டும் என்று அங்குள்ள சட்டம் இரட்டை அமைப்புகளுக்கும் விதித்திருக்கிறது.

உண்மையான சுமை வேறு இடத்தில் இருக்கிறது. ஜெர்மனிக்குச் செய்ததை பிரான்ஸுக்கும் ஆஸ்திரியாவுக்கும் தனித்தனியாக மறுபடி செய்ய வேண்டும். பிரான்ஸில் பேக்கிங் கட்டணம் வசூலிக்கும் சிட்டியோ போன்ற அமைப்பில் சேர்ந்து பெறும் தனி அடையாள எண்ணை 2022 முதல் ஆன்லைன் சந்தைகள் கேட்கின்றன. ஆஸ்திரியா 2023 ஜனவரி 1 முதல், நோட்டரி சான்றுடன் அங்கேயே ஒரு பிரதிநிதியை நியமிக்கச் சொல்கிறது. மாதம் இரண்டு பார்சல் மட்டும் வியன்னாவுக்கு அனுப்புபவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அவர்களிடம் ஆஸ்திரியாவை விட்டுவிடும்படியே சொல்லிவருகிறேன். பெட்டிக்கான கட்டணம் நியாயமானது. ஒரே பெட்டிக்கு நாட்டுக்கொரு காகிதக்கட்டு கேட்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான புதிய பேக்கேஜிங் ஒழுங்குவிதி 2025 பிப்ரவரி 11-இல் அமலுக்கு வந்தது. அதன் பொதுவான விதிகள் பொருந்தத் தொடங்கும் நாள் 2026 ஆகஸ்ட் 12. அதில் கரூர் விற்பனையாளர்கள் இப்போதே கவனிக்கவேண்டிய பிரிவு, பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடத்தைப் பற்றியது. 2030-ஐ ஒட்டி நடைமுறைக்கு வரவிருக்கும் அந்த விதியின்படி, ஆன்லைன் பார்சலில் வெற்றிடம் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திணித்து வைக்கும் காகிதத் துணுக்கும் காற்றுப் பையும் பப்பிள் ரேப்பும் நிரப்பிய இடமாக அல்ல, வெற்றிடமாகவே கணக்கிடப்படும். நம்மில் பலர் இரண்டே அளவுப் பெட்டியை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, சின்ன ஆர்டரையும் பெரிய பெட்டியில் போட்டு ஓரங்களை அடைக்கிறோம். அடுத்த முறை பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போது, அடிக்கடி விற்கும் செட்டை மடித்து அதன் நீள அகல உயரத்தை அளந்து, அந்த அளவில் மூன்றாவதாக ஒரு பெட்டியும் கேட்டு வாங்குங்கள்.