எல் போர்டும் 650 சிசியும்

சிட்னிக்கு வந்து ஒன்பது வருடம் கழித்து, 39 வயதில், பைக் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். ஊரில் ஸ்கூட்டியைத் தாண்டியதில்லை. "இந்த வயசுல இது தேவையாடி?" என்று அம்மா போனில் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பயிற்சி வகுப்பு சிக்கலில்லாமல் முடிந்தது. எல் போர்டு உரிமம் கைக்கு வந்த பிறகுதான் தலைவலி: எந்த வண்டி வாங்குவது? நியூ சவுத் வேல்ஸில் புதிதாகப் பழகுபவர்கள் 'லாம்ஸ்' பட்டியலில் இருக்கும் வண்டியைத்தான் ஓட்டலாம். இன்ஜின் 660 சிசியைத் தாண்டக் கூடாது. வண்டி எடையோடு ஓட்டுபவருக்கென்று 90 கிலோ சேர்த்துக் கணக்குப் போட்டால், சக்தி டன்னுக்கு 150 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த 90 கிலோவில் நான் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 650 சிசி வண்டிக்கு அனுமதி உண்டு, சுசுகி ஆர்ஜிவி 250க்குக் கிடையாது. அது டூ ஸ்ட்ரோக்; எடை குறைவு, சீறிக்கொண்டு போகும். ஊரில் ஆர்எக்ஸ் 100 பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய வண்டியாகப் பார்க்கலாம் என்று தேடியதில் ஒரு யமஹா எம்டி-07 சிக்கியது. விற்பவர் "எல் போர்டுக்கு ஓகே" என்றார். முன்பணம் அனுப்பப் போன நேரத்தில் ஏதோ உறுத்த, எத்தனை சிசி என்று கேட்டேன். 689 என்று பதில் வந்தது. அதே பெயரில் பழகுபவர்களுக்கென்றே 655 சிசியில், சக்தி குறைத்த வேறொரு வண்டி இருக்கிறது. அவர் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் வாங்கி ஓட்டியிருந்தால் மாட்டுவது நான்தான். அதற்கப்புறம் பெயரை நம்புவதை விட்டுவிட்டு, அரசின் பட்டியலில் மாடலைத் தேடிப் பார்த்த பிறகே போனை எடுத்தேன்.

மனசு முழுக்க ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650தான். 648 சிசி, 35 கிலோவாட்; பட்டியலில் இருக்கிறது. சென்னைப் பக்கம் தயாராகும் வண்டி என்ற பாசம் வேறு. கடையில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு கால்களிலும் கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது. ஸ்டாண்டை எடுத்து நிமிர்த்தியதும் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடை இடப்பக்கம் சாய, கடைப்பையன் ஓடிவந்து பிடித்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மீட்டியோர் 350ஐக் கைகாட்டினான்.

அதன் சீட் உயரம் 765 மில்லிமீட்டர். எடை 191 கிலோ. லேசென்று சொல்ல முடியாது, ஆனால் குதிகால் ஊன்றியிருக்கும்போது அந்த எடை பயமுறுத்தவில்லை. சக்தி சுமார் 15 கிலோவாட். நெடுஞ்சாலைக்குப் போதாதே என்று நண்பர்கள் இழுத்தார்கள். எல் போர்டுக்கு வேக வரம்பே 90 கிலோமீட்டர், மிச்ச சக்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்? பின்னால் யாரையும் ஏற்றவும் கூடாது. என் கணவருக்கு மிகவும் பிடித்த விதி அதுதான்.

வாங்கிய முதல் வாரம் எங்கும் போகவில்லை. வென்ட்வொர்த்வில்லில், கடைகள் மூடிய பிறகு காலியாகும் கார் நிறுத்துமிடத்தில், ஊரில் போடாமல் விட்ட எட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன்.