பணியாளர் மேம்பாடும் நிறுவன மாற்றமும்: மருத்துவமனை நிர்வாகப் படிப்பில் இந்தத் தாளை எப்படி அணுகலாம்?

மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பில் என்னுடன் படித்தவர்கள் பலரும் அஞ்சியது நிதி மேலாண்மைத் தாளுக்கும் புள்ளியியல் தாளுக்கும்தான். பணியாளர் மேம்பாடு, நிறுவன மாற்றம் ஆகியவை பற்றிய தாளைக் கதை எழுதும் தாள் என்று கருதி, கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கிவைத்தார்கள். ஆனால் எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் குறைந்ததாக அவர்கள் வருந்தியதும் இதே தாளில்தான். வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக ஷிப்ட் பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் இந்தப் படிப்பை முடித்தவள் என்ற முறையில், இத்தாளை எழுதப்போகிறவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் கோட்பாடுகள்தான் முன்னால் நிற்கும். நிறுவன மாற்றத்துக்குக் கர்ட் லெவின் சொன்ன உறைநீக்கம் (பழைய வழக்கத்தைத் தளர்த்துவது), மாற்றம், மறுஉறைவு (புதிய வழக்கத்தை நிலைநிறுத்துவது) என்ற மூன்று நிலைகள், அதே மாற்றத்துக்கு ஜான் காட்டர் வகுத்த எட்டுப் படிகள், பயிற்சியை மதிப்பிடக் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு மட்டங்கள் என வரிசையாக வரும். இவற்றை மனப்பாடம் செய்வது கடினமன்று. ஒரு வாரம் போதும். ஆனால் கேள்வித்தாளில் அதிக மதிப்பெண்ணுக்கு வரும் கேஸ் ஸ்டடி கேள்விகள் கோட்பாட்டின் பெயரைக் கேட்பதில்லை. ஒரு மருத்துவமனையையோ தொழிற்சாலையையோ விவரித்துவிட்டு, அங்கே என்ன நடந்தது, ஏன் நடந்தது, நீங்கள் பொறுப்பில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கின்றன. அந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு கேள்விதான்: மாற்றத்துக்கு முன் ஒருவர் செய்துவந்த வேலை, மாற்றத்துக்குப் பின் யார் கைக்குப் போயிற்று? இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் அதன் பின்னாலேயே வரும். புதிதாக அந்த வேலையைப் பெற்றவருக்கு யார், எவ்வளவு காலம் பயிற்சி கொடுத்தார்கள், வேலையை இழந்தவருக்கு மாற்றாக என்ன கிடைத்தது, அவருடைய மதிப்பு கூடியதா குறைந்ததா, இரவு இரண்டு மணிக்குப் பொறுப்பு யாருடையது என்று கேட்டுக்கொண்டே போனால், விடைக்கான பத்திகள் தாமாக அமைந்துவிடும்.

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களை இப்படிப் பார்க்கலாம். மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை நியமித்து, அவற்றை இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் நிலையங்களாக மாற்றியதைப் பாடநூல்கள் வெற்றிக் கதையாகச் சொல்கின்றன, அது உண்மையும்கூட. ஆனால் விடை அதோடு நின்றுவிடக் கூடாது. முன்பு ஊரிலும் துணை சுகாதார நிலையத்திலும் பிரசவம் பார்த்துவந்த கிராம சுகாதாரச் செவிலியரின் வேலை, கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி எண்ணைப் பெற்றுத் தருவது, தடுப்பூசி போடுவது, பிரசவத்துக்கு உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது என்று மாறியது. அவர் கையிலிருந்த ஒரு திறன் பயன்பாடு குறைந்து மங்கியது. பதிவேடும் கணினிப் பதிவும் கூடின. தாய்மார்களுக்கு இது நன்மையாக இருந்திருக்கலாம். ஆனால் பணியாளர் மேம்பாடு என்ற தாளில் இந்த மறுபக்கத்தையும் எழுதுகிறவருக்கே முழு மதிப்பெண் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

அதே எடுத்துக்காட்டில் ஒரு சின்னக் கணக்கையும் போட்டுக் காட்டலாம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால் மூவருக்குக் கிடைப்பது 144 மணி நேரம்தான். விடுப்பே எடுக்காவிட்டாலும் ஓர் இடத்தை இரவும் பகலும் நிரப்ப மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, பண்டிகை நாள், பயிற்சி ஆகியவற்றைக் கழித்து ஒருவர் ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால் ஆண்டின் 8760 மணி நேரத்தை 2000ஆல் வகுக்க வேண்டும்; விடை ஏறக்குறைய 4.4. மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் என்று யாராவது சொன்னால், டியூட்டி ரோஸ்டர் போட்டுப் பழகியவர்களுக்கு உடனே சிரிப்பு வரும். தேர்வில் அந்தச் சிரிப்பை எண்களாக எழுத வேண்டும்.

இதையே முறைப்படி செய்வதுதான் உலக சுகாதார நிறுவனம் வகுத்துத் தந்த, பணிச்சுமையை அடிப்படையாகக் கொண்டு பணியாளர் தேவையைக் கணக்கிடும் முறை. கேள்வித்தாள்களில் டபிள்யூ.ஐ.எஸ்.என். என்ற சுருக்கப் பெயரோடு வரும். இந்தத் தாளில் கணக்கு என்று வரும் ஒரே பகுதி என்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ முழு மதிப்பெண் உறுதியாகக் கிடைக்கும் பகுதி இதுதான் என்று தோன்றியது. ஒரு மகப்பேறு பிரிவில் ஆண்டுக்கு 1200 பிரசவம், 14,000 கர்ப்பகாலப் பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். ஒரு செவிலியருக்கு ஆண்டில் உண்மையாகக் கிடைக்கும் பணி நேரம் 250 நாள், நாளுக்கு 7 மணி என 1750 மணி. ஒரு பிரசவத்துக்கு 5 மணி நேரம் என்றால் ஒருவர் ஆண்டுக்கு 350 பிரசவம் பார்க்கலாம், ஆக 3.43 பேர் தேவை. ஒரு பரிசோதனைக்கு 15 நிமிடம் என்றால் ஒருவர் 7000 பேரைப் பார்க்கலாம். ஆக 2 பேர். கூட்டினால் 5.43. எல்லாச் செவிலியரும் பதிவேடு எழுதுவது, அடுத்த ஷிப்டுக்கு ஹேண்டோவர் கொடுப்பது, மருந்துக்கும் பொருளுக்கும் இன்டென்ட் எனப்படும் கோரிக்கைச் சீட்டு போடுவது போன்றவற்றில் தம் நேரத்தில் 20 விழுக்காட்டைச் செலவிடுவதாக இருந்தால், 5.43ஐ 0.80ஆல் வகுக்க வேண்டும்; 6.79 வரும். இந்த இடத்தில்தான் பலருக்குக் கை தவறுகிறது. 20 விழுக்காட்டைக் கூட்டுவதாக நினைத்து 1.20ஆல் பெருக்கினால் 6.52தான் கிடைக்கும். நோயாளியைக் கவனிக்க மிஞ்சுவது 80 விழுக்காட்டு நேரமே என்பதை நினைவில் வைத்தால் வகுப்பதா பெருக்குவதா என்ற குழப்பம் வராது. கடைசியாக, வார்டு இன்சார்ஜ் ஒருவர் மட்டும் நிர்வாக வேலைக்காக ஆண்டுக்கு 350 மணி நேரம் செலவிட்டால் அதற்கு 0.2 பேர். மொத்தம் 6.99; அதாவது 7 பேர். இப்போது இருப்பது 5 பேர் என்றால் பற்றாக்குறை 2, இருப்பவர்களைத் தேவையால் வகுத்த விகிதம் 0.71. இந்த விகிதம் ஒன்றுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு இருக்கிற செவிலியர்மேல் அழுத்தம் கூடுகிறது என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். விகிதத்தைக் கண்டுபிடித்துவிட்டு விளக்கம் எழுதாமல் விட்டால் மதிப்பெண் குறையும்.

கோட்பாட்டைக் கேஸோடு பொருத்தும் விடைகளுக்கு நான் பெரிதும் நம்பியது அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலின் வரலாற்றை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அந்தப் பட்டியல், புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டது. இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7ஆகவும் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே பட்டியல் பயன்பாட்டுக்கு வந்தபோது, இறப்பிலோ சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை என்று 2014இல் இன்னோர் ஆய்வு சொன்னது. ஒரே பட்டியலுக்கு இரண்டு முடிவுகள். இந்த வேறுபாட்டுக்கு ஆய்வாளர்கள் பல விளக்கங்கள் தருகிறார்கள். அவற்றில் ஒன்று, தாளில் டிக் போடுவதும் அறையில் இருப்பவர்கள் உண்மையாகவே நின்று பேசிக்கொள்வதும் ஒன்றல்ல என்பது. அறுவை அரங்கில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கீறலுக்கு முன் ஒரு நிமிடம் நிறுத்தி, நோயாளியின் பெயரையும் அறுவை செய்யும் பக்கத்தையும் சத்தமாகச் சொல்லச் சொல்லும்போது, தலைமை அறுவை மருத்துவரை நிறுத்தும் உரிமை ஒரு செவிலியரின் கைக்கு வருகிறது. அந்த உரிமையை நிறுவனம் உண்மையிலேயே தந்ததா என்பதுதான் கேள்வி. லெவினின் உறைநீக்கத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

காட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எட்டுப் படிகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பதில் பலர் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். 1995இல் அவர் இதை முதலில் எழுதியபோது, மாற்ற முயற்சிகளைக் கவிழ்க்கும் எட்டுத் தவறுகளாகவே எழுதினார். எனவே கேஸில் கண்ட தோல்வி எந்தத் தவறுக்குள் விழுகிறது என்று தேடுவதே அவருடைய நோக்கத்துக்கு நெருக்கமானது. எட்டையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொருந்தும் இரண்டை எடுத்து ஆழமாக எழுதினால் போதும்.

பிற துறைகளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டாவது கட்டாயம் வேண்டும். கலிபோர்னியாவின் ஃபிரீமாண்ட் நகரில் இருந்த கார் தொழிற்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது; வேலைக்கு வராமை, தரக்குறைவு, தொழிற்சங்க மோதல் ஆகியவற்றுக்குப் பெயர்போன ஆலை அது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக அதைத் திறந்தபோது, பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரே மீண்டும் அங்கே வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்றுவிக்கப்பட்டார்கள். பழுது கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தும் உரிமை சாதாரணத் தொழிலாளிக்கும் கொடுக்கப்பட்டது. தரம் மளமளவென்று உயர்ந்தது. ஆனால் அதே வழிமுறையைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோவதில் ஜெனரல் மோட்டார்ஸ் நெடுங்காலம் தடுமாறியது. கயிற்றை இழுக்கும் தொழிலாளியையும், அறுவையை நிறுத்தும் செவிலியரையும் ஒரே விடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிப் பாருங்கள். ஒப்பீட்டுக் கேள்விக்கு அதுவே போதும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள் என்பதால் கொஞ்சம் கவனம் தேவை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார் என்பதோடு நிறுத்தாமல், அங்குள்ள இடைநிலைக் கண் மருத்துவப் பணியாளர் முறைக்கு வாருங்கள். கிராமப்புறப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுப் பயிற்சி தந்து, பார்வைப் பரிசோதனை முதல் அறுவைக்கு நோயாளியைத் தயார்செய்வது வரை அவர்களிடம் ஒப்படைத்து, அறுவை மருத்துவரின் நேரத்தை அறுவைக்கே மிச்சப்படுத்துவதுதான் அந்த முறையின் உயிர்நாடி. இதற்கு அடுத்தபடியாக, அந்தப் பெண்களின் பதவி உயர்வு எந்தப் பாதையில் போகும், வேறு மருத்துவமனைக்குச் சென்றால் அந்தப் பயிற்சிக்கு எவ்வளவு மதிப்பு கிடைக்கும் என்ற கேள்விகளையும் எழுப்பினால் உங்கள் விடை மற்றவர்களுடையதிலிருந்து தனித்து நிற்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

கிர்க்பாட்ரிக் பகுதியைச் சுருக்கமாகப் படித்தால் போதும். கை கழுவும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: பயிற்சி முடிந்ததும் நிரப்பித் தரும் கருத்துப் படிவம் முதல் மட்டம், தேர்வு வைத்துப் பார்ப்பது இரண்டாவது, வார்டில் ஒருவர் மறைவாக நின்று கவனிப்பது மூன்றாவது, தொற்று வீதம் குறைந்ததா என்பது நான்காவது. தர அங்கீகார ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க ஓடுவது இந்த நான்கில் எதிலும் சேராது என்பதையும் எழுதலாம். திருத்துபவரும் ஏதாவது ஒரு மருத்துவமனையைப் பார்த்திருப்பார்.

படிக்கும் நேரத்தைப் பற்றி: நைட் டியூட்டி முடிந்து வந்து கோட்பாடு படிப்பது வீண். அந்த நேரத்தில் தூங்கிவிட்டு, மாலையில் ஒரு கேஸை எடுத்து, பாடநூலை மூடிவைத்து, கையால் ஒரு பக்கம் எழுதிப் பழகுவதே பயன் தந்தது. தட்டச்சுக்குப் பழகிய கை மூன்று மணி நேரத் தேர்வில் இரண்டாவது மணியிலேயே வலிக்கத் தொடங்கிவிடும்.

ஆய்வறிக்கையும் இதே பொருளில் அமையுமானால், மருத்துவமனையின் அனுமதிக் கடிதத்துக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கும் தலைப்பு முடிவான அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். சக ஊழியர்களிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்கும்போது பெயர், பணியாளர் எண் இரண்டையும் கேட்காதீர்கள். உங்கள் மேற்பார்வையாளர் வழியாகவும் படிவங்களைச் சேகரிக்காதீர்கள். பூட்டிய பெட்டி ஒன்றை ஓய்வறையில் வைத்து, அதில் போடச் சொன்னால், ரோஸ்டர் மாற்றத்தைப் பற்றி அவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பது ஓரளவுக்காவது உங்களுக்குக் கிடைக்கும்.