ஊர் போடாத ஒரு வரி

நிகழ்ச்சி நிரலில் குழுவின் பெயருக்குப் பக்கத்தில் ஊரைப் போடுவது எங்கள் மண்டபத்தில் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. வடமோடிக் கூத்து, கன்னன்குடா. களிகம்பு, காத்தான்குடி. கஃப்ரிஞ்ஞா, டச்பார். இப்படித்தான் டைப் ஆகும், இப்படியே அச்சுக்கும் போகும். (களிகம்பு முஸ்லிம்கள் கம்பு அடித்து ஆடுவது. கஃப்ரிஞ்ஞா, ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியரின் வயலினும் ஆட்டமும்.) மட்டக்களப்பில் ஒரு ஆளைப் புதிதாகக் கண்டால் பெயருக்கு முதல் ஊரைக் கேட்கிறவர்கள் நாங்கள். போன வருட நிரலில் ஒரு வரியில் மட்டும் ஊர் இல்லை. "பறைமேளக் கூத்து" என்பதோடு அந்த வரி முடிந்திருந்தது. ஊரை எடுத்தது நான். எடுக்கச் சொன்னவர் அந்தக் குழுவின் பெரியவர்.

பணம், நேரம், வாகனம் எல்லாம் பேசி முடித்து, சைக்கிள் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் அவர் அதைச் சொன்னார்.

"மிஸ், ஒரு விசயம். என்ட பேரைப் போடுங்க. ஊரைப் போட வேணாம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். பேத்திக்கு டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் இப்போதுதான் ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறதாம். "அவள் அங்க போய் ஒரு மாசம் ஆகல்ல. இந்தப் பேப்பர் போன்ல எல்லாம் சுத்தும்தானே." பறைக்குப் பக்கத்தில் ஊரைக் கண்டால், அந்த ஊர்ப் பிள்ளையின் சாதியையும் கண்டுவிடுவார்கள் என்ற பயம்.

"சரி ஐயா" என்றேன். என் அப்பாவைவிட வயது கூடியவர், என்னை மிஸ் என்று கூப்பிடுகிறார். அவருடைய பேத்தி என்ன வேலை பார்க்கிறாள் என்பதை மண்டபத்து வேலைக்காக அவர் எனக்குச் சொல்ல வேண்டி வந்ததே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. கோப்பைத் திறந்து அந்த வரியில் இருந்த ஊரை அழித்தேன். அவ்வளவுதான் வேலை.

நிகழ்ச்சி நல்லபடி நடந்தது. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். எத்தனையோ விழாக்களில் பறைமேளம் வாசலோடு நின்றுவிடும். பிரதம விருந்தினரைப் படிவரைக்கும் அடித்துக் கூட்டிவந்து, அவர் உள்ளே போனதும் வெளியே மரத்தடியில் ஒதுங்கிவிடும். சாப்பாடும் கடைசியில்தான். எங்கள் மண்டபத்தில் அப்படி வேண்டாம் என்று கூட்டத்தில் பேசி, அவர்களுக்கும் முழு நேரம் ஒதுக்க வைத்தேன். கதிரைகளை எடுத்துவிட்டு, கூத்துக் களரி மாதிரி ஆட்களைச் சுற்றி இருத்தினோம். தமிழ்நாட்டில் நெருப்பில் காய்ச்சி அடிக்கும் வட்டப் பறை வேறு. எங்கள் பக்கத்துப் பறை தோளில் தொங்கவிட்டு அடிக்கிற உருளை வடிவ மேளம். வெளியில், வயல் தாண்டிக் கேட்க வேண்டும் என்று செய்தது. தகரக் கூரைக்குக் கீழே அது என்ன செய்யும் என்று எங்கள் சவுண்ட் தம்பிக்குத் தெரியவில்லை. முதல் அடியிலேயே ஓடிப்போய் மைக் எல்லாவற்றையும் நிறுத்தினான். பறையோடு தம்பட்டமும் குழலும் சேர்ந்துகொள்ள, அடிக்கிறவர்களே ஆடுகிறார்கள். சனம் எழும்பி நின்று பார்த்தது. பறங்கியரின் வயலினை அதற்கு முன்னால் வைத்தது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் நினைத்தேன். பின்னால் வைத்திருந்தால் அந்த வயலினை ஒருவர் காதும் கேட்டிராது. மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்கு இடைவேளை விட்டு, களிகம்பை அதற்குப் பிறகு வைத்ததும் சரியாக அமைந்தது. ஒரு நிகழ்ச்சியை ஒழுங்குபடுத்துவது முக்கால்வாசி இந்தக் கணக்குத்தான். மீதியை யாரும் கற்றுத்தருவதில்லை.

முடிந்து வாகனத்தில் மேளங்களை ஏற்றும்போது தம்பட்டம் அடித்த பொடியன் என்னிடம் வந்தான். பெரியவரின் பேரன், அந்த ஆசிரியையின் தம்பி. கையில் நிரல்.

"அக்கா, எல்லாருக்கும் ஊர் போட்டிருக்கு. எங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?"

பெரியவர் அந்தப் பக்கம் சாரதியோடு பேசிக்கொண்டு நின்றார். என்னால் அவரைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை.

"இடம் காணாமப் போயிற்று தம்பி."

அவன் தாளைப் பார்த்தான். கீழே கால்வாசித் தாள் வெறுமையாகக் கிடந்தது. "ம்ம். சரி அக்கா" என்று சொல்லிவிட்டு மேளத்தைத் தூக்கப் போய்விட்டான்.

இதை எத்தனையோ விதமாக எனக்குள் நடத்திப் பார்த்துவிட்டேன். "உங்கட அப்பப்பா சொன்னவர்" என்றிருந்தால் உண்மையாக இருந்திருக்கும். ஆனால் வாகனத்தில் திரும்பிப் போகிற அந்தக் குடும்பத்துக்குள் அதை எறிய நான் யார்? பெரியவர் பேரனுக்கு முன்னால் இதைச் சொல்லவில்லை. தனியாக வந்து, சாவியைக் கையில் எடுத்த பிறகு சொன்னார். அந்த இரகசியத்தைக் காப்பது என் கடமை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். குழுவின் தலைவர் அவர். கூத்தில், அதைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் சொல்லுக்கு மறுசொல் உண்டா?

அப்படிச் சொல்லிக்கொண்டு அமைதியாக இருக்கலாம்தான். ஆனால் இன்னொரு யோசனை விடுகிறதில்லை. கூத்து அண்ணாவியார் ஒருவர் வந்து "ஊரைப் போடாதீங்க" என்று கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? "ஏன் ஐயா, என்ன பிரச்சினை, ஊருக்குள்ள ஏதும் சண்டையா?" என்று உட்காரவைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, போட வைத்துத்தான் அனுப்பியிருப்பேன். இவருக்கு உடனே சரி சொன்னேன். அது மரியாதையா? அல்லது அவர் சொல்ல வந்ததை அவர் வாய் திறக்கும் முன்னமே நான் ஏற்றுக்கொண்டிருந்தேனா? நிர்வாகக் குழுவில் ஒருவர், அந்த ஊர்ப் பெயரை முதல் வரைவில் கண்டபோது ஒன்றும் சொல்லாமல் புருவத்தை மட்டும் உயர்த்தியவர், இறுதிப் பிரதியைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு வசதியான ஒன்றை, பெரியவரின் பெயரில், நான் செய்து கொடுத்தேனோ என்று தோன்றும். இல்லை, அவருக்காகச் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும்.

எங்கள் மண்டபம் ஒரு நம்பிக்கையில் ஓடுகிறது. மேடை ஏறினால் மதிப்பு வரும் என்பது அந்த நம்பிக்கை. அதற்கு ஆதாரமும் உண்டு. பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு போட்டபோது, படித்தவர்கள் திரும்பிப் பாராத மட்டக்களப்புக் கூத்து கலை என்ற பெயரை எடுத்தது. பறைக்கும் அப்படி நடக்கும் என்றுதான் நானும் கூட்டங்களில் பேசுகிறேன். ஆனால் கூத்தாடுகிறவனைச் செத்த வீட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. பறைமேளக்காரரைக் கூப்பிடுகிறார்கள். கோயில் சடங்குக்கு அவர்கள் இல்லாமல் முடியாது, சடங்கு முடிந்தால் அவர்களுக்கென்று ஒரு எல்லையும் இருக்கிறது. பறை தமிழனின் ஆதி இசை என்று மேடையில் முழங்குவது, நாளைக்கு யாரும் மேளத்தோடு வரச்சொல்லிக் கூப்பிடாதவர்களுக்குச் சுலபம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. கோயிலுக்குள்ளோ பள்ளிக்கூடத்துக்குள்ளோ சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுத்தால் குற்றம். ஆசிரியர் அறையில் ஒருத்தி போனில் ஒரு நிரலைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கதிரைக்காரியைத் திரும்பிப் பார்ப்பதை எந்தச் சட்டத்தால் பிடிப்பது?

அதனால் பெரியவர் கேட்டது நியாயம். பேரன் கேட்டதும் நியாயம். இரண்டு பேரும் ஒரே வாகனத்தில் வந்தவர்கள், ஒரே மேளத்தை அடிப்பவர்கள். பெரியவர் பேத்தியைக் காப்பாற்றப் பார்க்கிறார். பேரன் நிமிர்ந்து நிற்கப் பார்க்கிறான். இடையில் நான் ஒரு பொய்யைச் சொல்லி, அதுவும் தாளைப் பார்த்தாலே தெரிகிற பொய்யைச் சொல்லி, நின்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று கேட்டால் இன்னும் பதில் இல்லை. "கேட்டுச் சொல்லுறன்" என்றிருக்கலாமோ? அதுவும் அவனை அப்பப்பாவிடம்தான் அனுப்பியிருக்கும்.

இந்த வருடம் ஊரே வேண்டாம், எல்லாருக்கும் எடுத்துவிடுவோம் என்று கூட்டத்தில் சொன்னேன். சமமாக இருக்கும் என்று நினைத்தேன். கூத்துக்காரர் ஒருவர் கொதித்துவிட்டார். "ஊர் இல்லாட்டி அது ஆர்ர கூத்து? ஊர்ச் சனம் காசு போட்டு, ஆடுறவனுக்கு அவன்ட பாட்டெழுதின சட்டத்தைக் கொடுத்த நாளிலயிருந்து அரங்கேற்றம் வரைக்கும் முழிச்சிருந்து ஆடுறது ஊருக்காகத்தானே?" அவர் சொன்னதும் சரி. பெயரை எடுப்பதில் வருகிற சமம், அந்தப் பெயரால் நிமிர்ந்து நிற்பவர்களிடமிருந்து பிடுங்கிக் கொடுக்கிற சமம். அந்த யோசனை அங்கேயே விழுந்தது.

கடைசியில் ஒரு படிவம் செய்தோம். குழுவின் பெயர், தலைவர், எத்தனை பேர், எவ்வளவு நேரம். கீழே "நிரலில் ஊர் போடலாமா? ஆம் / இல்லை." என் ஏற்பாடுதான். சிலர் இதைக் கெட்டித்தனம் என்கிறார்கள். நான் எடுக்க வேண்டிய முடிவை அந்தக் குடும்பத்தின் தலையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன் என்றும் சொல்லலாம். களிகம்புக் குழு ஆம் என்று வட்டம் போட்டு அன்றைக்கே அனுப்பியது. டச்பார்க்காரர் அந்தக் கேள்வியைக் கவனிக்கவே இல்லை போல, காலியாக விட்டிருந்தார்கள். கூத்து அண்ணாவியார் போன் எடுத்து, "இதென்ன பிள்ள கேள்வி, ஊரைப் போடாம என்னத்தைப் போடுற?" என்று சிரித்தார்.

பறைமேளக் குழுவின் படிவம் இன்னும் வரவில்லை. போன் எடுத்துக் கேட்கலாம். என்னிடம் இருப்பது பெரியவரின் நம்பர் மட்டும்தான். அன்றைக்குப் பேரனின் நம்பரையும் வாங்கியிருந்தால் இப்போது யாருக்கு எடுப்பது என்பதுதான் கேள்வியாக இருந்திருக்கும்.