சின்சில்லாவை முதல்முறை போட்டிக்குக் கொண்டுபோக: பத்து வாரக் குறிப்புகள்

பத்து வாரம் இருக்கும்போது

போட்டி மேசையில் சின்சில்லா என்ற அடர்ரோமச் சிறு கொறிவிலங்கின் முகவெட்டுக்கோ கையில் ஏறி உட்காரும் குணத்துக்கோ மதிப்பெண் கிடையாது. ரோமமும் உடல்கட்டும்தான் கணக்கு. 1923இல் மத்தியாஸ் சாப்மேன் சிலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்த சில விலங்குகளை வைத்துத் தொடங்கியது, ரோமத்துக்காக இவற்றை வளர்க்கும் பண்ணைத் தொழில். இன்று செல்லமாக வளர்ப்பவர்கள் சேரும் போட்டியிலும் பார்ப்பது அந்தப் பண்ணையின் கண்தான். இது தெரிந்தால், நடுவர் ஏன் விலங்கைத் திருப்பி வயிற்றைப் பார்க்கிறார், ஏன் ரோமத்துக்குள் ஊதுகிறார் என்பது விளங்கிவிடும்.

முதலில் ஒரு வேலை: கூண்டில் உதிர்ந்து கிடக்கும் ஸ்டாண்டர்ட் கிரே (இயல்பான சாம்பல் நிற ரகம்) ரோமத்தில் ஒரு கொத்தை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். அடியில் நீலம் ஓடிய அடர்சாம்பல், நடுவில் வெள்ளைப் பட்டை, நுனியில் கருப்பு. ஒரே துவாரத்திலிருந்து இப்படி 50 முடிகளுக்கு மேல் கிளம்புகின்றன. நடுவர் பேசப்போகும் சொற்கள் எல்லாம் இந்தக் கொத்துக்குள் இருக்கின்றன. கருப்பு நுனிகள் சேர்ந்து முதுகைப் போர்த்தியதுபோல் தெரிவது வெயிலிங். நடுப்பட்டை பளிச்சென்று, ஓரம் கலங்காமல் இருக்க வேண்டும். மொத்த நிறமும் நீலப்பக்கம் சாய்ந்தால் தெளிவான நிறம். மஞ்சளோ பழுப்போ தட்டினால் நிறம் கெட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் மஞ்சள் தட்டியதால் பின்னுக்குப் போகும் விலங்குகள்தான் அதிகம். தொடக்கக்காரர் கண்ணுக்குத் தப்புவதும் இதுவே, ஏனென்றால் வீட்டு மஞ்சள் விளக்கில் இந்தக் குறை தெரியாது. வெயில் நேரடியாக விழாத பகல் வெளிச்சத்திலோ, பகல்வெள்ளை ட்யூப்லைட்டின் கீழோ பாருங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள், இன்னொரு விலங்கு, இரண்டும் வேண்டும். தனியாக வைத்துப் பார்த்தால் எல்லாச் சின்சில்லாவும் நீலமாகத்தான் தெரியும்.

உடல்கட்டில் தேடுவது கட்டை உருவம்: அகன்ற தோள், குட்டைக் கழுத்து, பின்புறம் வரை ஒரே அகலம். முன்பக்கம் ஒடுங்கி ஆப்புபோல் இருப்பது பின்தங்கும். சாதாரண வளர்ப்பில் 400 முதல் 600 கிராம் வரை காண்பது வழக்கம். போட்டி வரிசையில் அதைவிடக் கனமானவை வரும். அதற்காகக் கொழுக்கவைக்கப் பார்க்காதீர்கள். எலும்பின் அகலம் தீனியால் வராது, தொங்கும் கொழுப்பைக் கை உடனே கண்டுபிடித்துவிடும்.

எட்டு வாரம்: பிரைம் பார்ப்பது

இந்தக் குறிப்பில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

ரோமம் முழு வளர்ச்சி அடைந்த நிலையைப் பிரைம் என்பார்கள். அது உடல் முழுக்க ஒரே நாளில் வராது. கழுத்து, தோள் பக்கம் தொடங்கி வால் நோக்கி ஒரு கோடுபோல நகரும். கோட்டுக்குத் தலைப்பக்கம் இருப்பது முதிர்ந்த ரோமம். வால்பக்கம் இருப்பது பழையதும் வளர்ந்துகொண்டிருப்பதும் கலந்தது. கோடு வாலைத் தொட்ட பிறகு சில வாரங்கள்தான் உச்சம். பிறகு நுனிகள் பழசாகி மங்கும், நிறமும் மஞ்சள் பக்கம் நகரும்.

பார்க்கும் விதம்: கழுத்துக்குப் பின்னால், நடுமுதுகில், இடுப்பில் என மூன்று இடத்தில் மெதுவாக ஊதி ரோமத்தைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். வெளிறிய தோல் என்றால் அந்த இடம் முதிர்ந்துவிட்டது. தோல் நீலக்கருமையாக இருந்தால் அங்கே முடி இன்னும் வளர்கிறது. வாரம் ஒருமுறை ஒரே நாளில் பார்த்து, கோடு எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். போட்டிக்கு எட்டு வாரம் இருக்கும்போது கோடு தோளிலேயே நின்றால் அந்த விலங்கு இந்தப் போட்டிக்கு ஆகாது. கோட்டை வேகப்படுத்தும் தீனி, மருந்து, சீப்பு எதுவும் கிடையாது. அதனால்தான் ஒரே விலங்கை நம்பாமல் மூன்று நான்கைக் கவனித்துவந்து, கடைசியில் தயாரானதைக் கொண்டுபோவது வழக்கம்.

குட்டிப் பருவ ரோமம் பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும், ஊதினால் பிரிந்து தானாக எழுந்து நிற்காது. அதைப் பார்த்து விலங்கின் தரத்தை முடிவுசெய்ய வேண்டாம். குளிரான, உலர்ந்த அறையில்தான் ரோமம் நன்றாக முதிரும்: 15 முதல் 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே. அறை வெப்பமாக இருந்தால் ரோமம் தளர்ந்து ஒட்டும். 25ஐத் தாண்டினால் அது போட்டிப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

இந்த வாரமே கழிக்க வேண்டியவை: சினையாக இருக்கும் பெண் (சினைக்காலம் 111 நாள், நடுவில் பயணம் கூடாது), எச்சில் ஒழுகித் தாடை நனைந்தது, மூக்கு, கண்ணோரம், காதில் செதில் படிந்தது, ரோமம் கடித்தது. கடைசியானதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். கருப்பு நுனியும் வெள்ளைப் பட்டையும் கடிபட்டுப் போவதால் விலாவிலோ இடுப்பிலோ அடிச்சாம்பல் இருண்ட திட்டாகத் தெரியும். அதைச் சீவி மறைக்க முடியாது.

ஆறு வாரம்: கூண்டும் கறையும்

வயிற்றின் வெண்மை போவது பெரும்பாலும் கூண்டினால்தான். ஈரமான மரத்தூளில் படுக்கும் விலங்குக்கு மூத்திரக் கறை மஞ்சளாக ஏறும். சூளையில் உலர்த்திய பைன் அல்லது ஆஸ்பென் சீவலை அடிக்கடி மாற்றுங்கள். சீடர் மரச்சீவல் வேண்டவே வேண்டாம். தண்ணீர்ப் புட்டி சொட்டினால் கழுத்தடி ரோமம் திரிதிரியாகிவிடும், புட்டியை மாற்றிவிடுங்கள். கறை ஏறிய இடத்தில் மக்காச்சோள மாவைத் தேய்த்து, சில நிமிடம் விட்டுச் சீவி எடுத்தால் ஓரளவு வெளுக்கும். தண்ணீரில் கழுவக் கூடாது. இவ்வளவு அடர்ந்த ரோமம் அடிவரை காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

தீனியை இந்தக் கட்டத்தில் மாற்றாதீர்கள். அதே பெல்லட், அதே உலர்புல். ரோமம் மினுங்கட்டும் என்று எண்ணெய் வித்துகளைக் கூட்டினால் முதலில் கெடுவது குடல்.

நான்கு வாரம்: சீப்பு

சின்சில்லாவுக்கென்றே எஃகுப் பல் சீப்புகள் எண் போட்டு வருகின்றன. எண் கூடக்கூடப் பல் நெருக்கமாகும். 2 அல்லது 3இல் தொடங்கி, சிக்கில்லாமல் ஓடினால் 4, கடைசி வாரத்தில் 5 அல்லது 6. எடுத்த எடுப்பில் நெருக்கமான சீப்பைப் போட்டால் முடி பிய்ந்து வரும்.

பிடிப்பது எப்படி: ஒரு கை வாலின் அடியை உடலோடு ஒட்டிப் பிடிக்க, முன்னங்கால்கள் முழங்கைமேல் ஊன்றி நிற்கட்டும். வால் நுனியைப் பிடித்தால் தோல் உரியும். ரோமத்தைப் பிடித்தால் கொத்தாகக் கையில் வரும். பிடிபட்டால் ரோமத்தை விட்டுவிட்டு ஓடுவது அதன் தற்காப்பு. அந்த வழுக்கை மூட இரண்டு மூன்று மாதம் ஆகும், அதாவது இந்தப் போட்டி போயிற்று.

சீவுவது வாலடியிலிருந்து தொடங்கித் தலை நோக்கிப் போகும். ரோமத்தைக் கையால் முன்னே தள்ளிப் பிடித்து, ஒரு விரல் அகல வரிசையை மட்டும் விட்டு, சீப்பின் நுனியால் மேல்நோக்கிச் சுண்டிச் சுண்டி எடுக்க வேண்டும். தலைசீவுவதுபோல் படிய இழுத்தால் ரோமம் படுத்துவிடும். மேசையில் அது எழுந்து நிற்க வேண்டும், அப்போதுதான் அடர்த்தி தெரியும். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். பின்புறம் மட்டும் முடித்துவிட்டு விடுங்கள். மார்பு, அக்குள், தொடை உட்பக்கம் ஆகிய மூன்று இடங்களில் சிக்கு ஒளிந்திருக்கும். அதை விரலால் இரண்டாகப் பிரித்த பிறகே சீப்பு.

ஆணாக இருந்தால் ஒவ்வொரு முறை சீவியதும் குறியைச் சுற்றி முடி வளையம் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உதிர்ந்த முடி அங்கே இறுகினால் ஆபத்து.

எவ்வளவு சீவினாலும் இல்லாத அடர்த்தி வராது. செத்த முடியை எடுத்து, இருப்பதைத் திறந்து காட்டுவதோடு சீப்பின் வேலை முடிந்தது.

இரண்டு வாரம்: படிவம்

பிறந்த தேதி, பாலினம், அடையாள எண், நிறம். இடறுவது நிறத்தில்தான். பிளாக் வெல்வெட்டையும் எபனியையும் மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கும். முகம் கருத்து, முன்பாதங்களில் கரும்பட்டை ஓடி, வயிறு வெள்ளையாக இருந்தால் வெல்வெட்; வயிறும் கருத்திருந்தால் எபனி. பெய்ஜ் ரகத்தில் இரு பெற்றோரிடமும் அந்த மரபணுவை வாங்கியது வெளிறி, கண் இளஞ்சிவப்பாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வாங்கியதன் கண் அடர்சிவப்பு. ஸ்டாண்டர்ட் கிரேயில் வெளிர், நடுத்தரம், அடர் என்ற பிரிவை நீங்கள் முடிவுசெய்ய வேண்டியதில்லை. விலங்குகளை வரிசையாக வைத்து அங்கேயே பிரிப்பார்கள்.

கடைசி மூன்று நாள்

அதுவரை வாரம் இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் தூசிக் குளியல் (நுண்ணிய தூசியில் புரளவிடுவது). கடைசிக் குளியல் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு. போட்டிக் காலையில் குளிப்பாட்டிக் கூட்டிவந்தால் ரோமத்தில் தங்கிய தூசி சாம்பல் பூசினதுபோல் நிறத்தை மங்கடித்துவிடும். நடுவர் ஊதும்போது புகைபோல் கிளம்பவும் செய்யும். முந்தின நாள் முழுச் சீவல்: பின்புறம், விலா, தோள், கடைசியில் கழுத்து. குளிர்காற்று மட்டும் வரும் ஹேர் டிரையரால் தூசியை ஊதி எடுப்பவர்களும் உண்டு. சத்தத்துக்கு முன்பே பழக்கியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

பயணம்

ஒரு பெட்டிக்கு ஒரு விலங்கு. பழகிய ஜோடியாக இருந்தாலும் பயண மிரட்சியில் கடித்துக்கொள்ளும். காதில் ஒரு கிழிசல், விலாவில் ஒரு வழுக்கை. உள்ளே காய்ந்த சீவலும் உலர்புல்லும் மட்டும். வண்டி ஓடும்போது தண்ணீர்ப் புட்டியைக் கழற்றிவிட்டு, நிறுத்தும்போது கொடுங்கள். வீட்டுத் தண்ணீரையே எடுத்துப்போனால் குடிக்க மறுக்காது. ஐஸ் புட்டி வைப்பதானால் துணி சுற்றிக் கம்பிக்கு வெளியே. உள்ளே வைத்தால் வியர்த்து ரோமத்தை நனைக்கும். காது சிவந்து நரம்பு தெரிந்தால் சூடேறிவிட்டது என்று அர்த்தம், உடனே குளிரான இடத்துக்கு மாற்றுங்கள்.

மேசையில்

விலங்கைப் போட்டிக்கூண்டில் விட்டு, கடைசியாக ஒருமுறை லேசாகச் சுண்டிச் சீவிவிட்டால் உங்கள் பங்கு முடிந்தது. கூண்டின்மேல் எண் மட்டும் இருக்கும், உரிமையாளர் பெயர் இருக்காது. உதவியாளர்கள் விளக்கின் கீழ் வரிசையாக வைப்பார்கள். நடுவர் கூண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒன்றை எடுத்து ஊதி, திருப்பி, இன்னொன்றின் பக்கத்தில் வைப்பார். நிறம் கெட்டவை முதலில் பின்வரிசைக்குப் போகும். மிச்சம் நிற்பவற்றில் அளவும் அடர்த்தியும் ரோமத்தின் வலுவும் (முடி எழுந்து நிற்கும் திறன்) மோதும். "இது என்னுடையது" என்று காட்டும் ஒரு சொல்லோ கையசைப்போ கூடாது.

ரிப்பனைவிடக் காரணம் முக்கியம். நடுவர் சத்தமாகச் சொல்வதை அப்படியே எழுதுங்கள்: "இடுப்பில் பிரைம் இல்லை", "வெயிலிங் விலாவரை இறங்கவில்லை", "நல்ல அளவு, ரோமம் பலவீனம்". முதல் வகை அடுத்த போட்டிக்குள் தானே தீரும். மற்ற இரண்டும் அந்த விலங்கில் மாறாது, ஜோடி சேர்க்கும்போது பார்க்க வேண்டியவை. உங்கள் விலங்கை வென்றதையும், கேட்டு அனுமதி வாங்கி, அதே விளக்கின் கீழ் ஊதிப் பாருங்கள். "அடர்த்தி" என்ற சொல்லுக்குக் கண்ணில் ஓர் அளவு கிடைக்கும்.

வென்ற வெல்வெட்டைக் கண்டதும் வெல்வெட்டோடு வெல்வெட் சேர்க்கும் ஆசை வரலாம். செய்யாதீர்கள். வெல்வெட் மரபணு இரு பக்கமும் சேர்ந்த கரு பிழைக்காது. வெள்ளை நிற ரகத்துக்கும் இதே கதை.

திரும்பிய பிறகு 30 நாள்

தனி அறை, தனித் தூசிக் கிண்ணம், தனிச் சீப்பு. படர்தாமரைப் பூஞ்சை தூசி வழியாகத்தான் வசதியாகப் பரவும். போய்வந்த விலங்கைக் கடைசியாகக் கவனித்து, கை கழுவிவிடுங்கள். மூக்கு, காது, பாதத்தில் செதிலோ வழுக்கையோ வருகிறதா என்று வாரம் இருமுறை பாருங்கள். முதல் வாரம் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, எடையும் தொடர்ந்து இறங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பிரைம் கோட்டைக் குறித்துவந்த அதே நோட்டில் எடையையும் எழுதுங்கள். அடுத்த பருவத்தில் கோடு எந்த வாரம் வாலைத் தொடும் என்று ஊகிக்க அந்தப் பக்கங்கள்தான் உதவும்.