கோல்ட் பக்: குவளையின் குளிர் வேறு, சிலிக்கனின் குளிர் வேறு

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கிறது. பிராசசர்மேல் வைத்த செம்புக் குவளையில் அதை ஊற்றி ஓவர்கிளாக் செய்யும்போது (நிர்ணயித்ததைவிட அதிக வேகத்தில் ஓட்டும்போது) எல்லா பிராசசரும் அந்த ஆழம் வரை கூடவே வந்துவிடாது. சிலது மைனஸ் 90-லேயே நின்றுவிடும், சிலது மைனஸ் 130-ல். திரை அப்படியே உறையும், மவுஸ் நகராது, ரீசெட் அழுத்தினாலும் மதர்போர்டு காட்டும் தொடக்கச் சோதனை எண் மாறாமல் நிற்கும். இதுதான் கோல்ட் பக்.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது கோல்ட் பூட் பக். மைனஸ் 130 வரை ஒழுங்காக ஓடிய அதே பிராசசர், ரீஸ்டார்ட் செய்தால் மைனஸ் 100-ல்கூட எழுந்திருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் சுற்றுக்கு இருப்பதைத் தக்கவைத்தால் போதும். பூட் ஆகும்போது பிஎல்எல் (சிப்பின் கடிகாரத் துடிப்பை உருவாக்கும் சுற்று) புதிதாக லாக் ஆக வேண்டும், மெமரி டிரெயினிங் (மெமரியோடு நேரத்தைச் சரிசெய்துகொள்வது) முடிய வேண்டும். அதனால் பூட் எல்லை பெரும்பாலும் ஓடும் எல்லையைவிட மேலேதான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

குளிர்ந்தால் டிரான்சிஸ்டர் வேகமாகிறதே, பிறகு ஏன் நிற்கிறது? வேகமாவது டிஜிட்டல் பகுதி. கசிவு மின்னோட்டம் குறைகிறது, எலக்ட்ரான்கள் எளிதாக நகர்கின்றன. சிக்கல் பிஎல்எல், மெமரி கன்ட்ரோலர், உள்ளே இருக்கும் ரெஃபரன்ஸ் வோல்டேஜ் போன்ற அனலாக் பகுதிகளில். சாதாரண சிப்புகள் 0 டிகிரிக்கு மேல் வேலை செய்யத்தான் வடிவமைக்கப்படுகின்றன. ராணுவத் தரச் சிப்புகளுக்கே கீழ் எல்லை மைனஸ் 55. ஒரு சிலிக்கன் சந்திப்பில் விழும் வோல்டேஜ், ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் கூடும். அறை வெப்பத்திலிருந்து மைனஸ் 150 வரை இறக்கினால் கிட்டத்தட்ட 0.35 வோல்ட். குறைந்த வோல்டேஜில் ஓடும் அனலாக் சுற்றுக்கு அது பெரிய இழப்பு, மூச்சுவிட இடமில்லாமல் போகிறது. பிஎல்எல் வோல்டேஜை ஏற்றினால் பல சிப்புகளில் கோல்ட் பக் கீழே இறங்குவதற்கு இதுவே காரணம்.

இனி, பலரையும் குழப்பும் இடம். தெர்மோகப்பிள் (குவளையின் துளையில் செருகும் வெப்பமானி) காட்டும் எண் செம்புக் குவளையின் வெப்பநிலை, சிலிக்கனின் (பிராசசருக்குள் இருக்கும் சிப்பின்) வெப்பநிலை அல்ல. நடுவில் ஹீட் ஸ்பிரெடர் (பிராசசரின் உலோக மூடி) இருக்கிறது, வெப்பம் கடத்தும் பேஸ்ட் இருக்கிறது. இவை சேர்ந்து வாட்டுக்கு 0.1 டிகிரி தடை தருவதாக வைத்துக்கொள்வோம். குவளை மைனஸ் 140, லோடு 300 வாட் என்றால் சிலிக்கன் மைனஸ் 110-ல் இருக்கும். அந்தச் சிப்பின் உண்மையான எல்லை மைனஸ் 120 என்றால் பெஞ்ச்மார்க் சுகமாக ஓடும். ஓட்டம் முடிந்து லோடு 50 வாட்டுக்கு விழுந்த கணத்தில் சிலிக்கன் மைனஸ் 135-க்குப் பாயும். ஸ்கோர் திரையில் வந்தும் வராமலும் எல்லாம் உறைந்துவிடும். வோல்டேஜ் போதவில்லை என்று நினைத்து அதை ஏற்றுவது இங்கே பலர் செய்யும் தவறு. ஓட்டத்தின் நடுவே விழுந்தால் ஃப்ரீக்வென்சியையும் வோல்டேஜையும் சந்தேகியுங்கள். முடிந்தவுடன் விழுந்தால் குளிரைச் சந்தேகியுங்கள். தீர்வு எளிது: கடைசி சில நொடிகளுக்கு முன்பே ஊற்றுவதை நிறுத்தி, குவளையை 10, 15 டிகிரி ஏறவிட்டு முடியுங்கள். மல்டிப்ளையரை (பிராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்ணை) சட்டென்று குறைக்கும் ஸ்லோ மோடு ஸ்விட்சுக்கும் இது பொருந்தும். ஆழக் குளிரில் அதைத் தட்டினால் வெப்பம் குறைந்து சிப் எல்லைக்குக் கீழே போய்விடும்.

எல்லையைக் கண்டுபிடிக்கும் முறை இது. முதலில் மிதமான ஃப்ரீக்வென்சியில் மைனஸ் 30 வாக்கில் பூட் செய்து விண்டோஸுக்குள் வாருங்கள். லேசான ஒரு லோடை ஓடவிட்டு, உறையும் வரை 10 டிகிரி 10 டிகிரியாக இறக்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். சிலிக்கன் குவளையோடு சமநிலைக்கு வர அந்த நேரம் தேவை. நின்றுபோன எண்ணைக் குறித்துவிட்டு, குவளையைச் சூடேற்றி, 5 டிகிரிக்கு ஒருமுறை ரீசெட் அழுத்துங்கள். எந்த எண்ணில் போஸ்ட் ஆகிறதோ (தொடக்கச் சோதனையைத் தாண்டுகிறதோ) அதுதான் பூட் எல்லை. இரண்டையும் மறுபடி ஒருமுறை சோதியுங்கள். ஒரே இடத்தில், 2, 3 டிகிரிக்குள் நின்றால் அது உண்மையான கோல்ட் பக். வேலை செய்யும்போது அதற்கு மேலே 10 டிகிரி விட்டு நில்லுங்கள். வேறொருவர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய குவளை வேறு, தெர்மோகப்பிள் துளையின் ஆழம் வேறு, சிப்பும் வேறு.

நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மேலே ஏறிக்கொண்டே வந்தால் (முதலில் மைனஸ் 130, அப்புறம் 115, அப்புறம் 95) அது கோல்ட் பக் அல்ல, பேஸ்ட் விரிசல். இதை உறுதி செய்ய ஒரு நல்ல அடையாளம் உண்டு. முழு லோடு கொடுத்ததும் குவளை வழக்கமாக மளமளவென்று ஏறும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பேஸ்ட் விரிசல் விட்டிருந்தால் ஏறவே ஏறாது, எண் அசையாமல் நிற்கும். வெப்பம் செம்புக்கு வந்து சேரவில்லை, சிலிக்கன் தனியாக வெந்துகொண்டிருக்கிறது. உடனே நிறுத்தி, முழுதும் சூடேற்றி, பேஸ்டை மாற்றுங்கள். கேலியம் கலந்த லிக்விட் மெட்டல் மைனஸ் 19 வாக்கிலேயே உறைந்துவிடும், இந்த வேலைக்கு வேண்டாம்.

இன்னொரு போலி, போர்டே உறைவது. சாக்கெட்டிலிருந்து குளிர் உள்ளிருக்கும் செம்பு அடுக்குகள் வழியே பரவி விஆர்எம் (பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதி) கன்ட்ரோலரையும் அக்கம்பக்கத்தையும் எட்டும். மூன்று மணி நேரம் நன்றாக ஓடிய சிப் திடீரென்று அடம்பிடித்தால், குவளையைத் தொடாமல் போர்டின் பின்பக்கத்தை மட்டும் ஹேர் டிரையரால் சூடாக்கிப் பாருங்கள். சரியானால் குற்றவாளி சிப் அல்ல. இதைத் தள்ளிப்போட சாக்கெட்டைச் சுற்றி, முன்னும் பின்னும், பிசையும் ஓவிய ரப்பரை இடைவெளி இல்லாமல் அழுத்தி, அதன்மேல் தண்ணீர் உறிஞ்சாத கருப்பு ரப்பர் ஃபோம் வையுங்கள். ஃபோமுக்கும் குவளைக்கும் நடுவில் காற்று புகுந்தால் அங்கே பனி பிடிக்கும். உருகும்போது அதுதான் மெமரி ஸ்லாட்டுக்குள் இறங்கும்.

உண்மையான கோல்ட் பக் என்று தெரிந்தபின் பயாஸுக்குப் போங்கள். போர்டில் எல்.என்.2 மோடு ஜம்பர் (திரவ நைட்ரஜன் ஓட்டத்துக்கான சிறு இணைப்பான்) இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். பிஎல்எல் வோல்டேஜை 0.05 வோல்ட் வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் எல்லையை அளந்து பாருங்கள். மூன்று படியிலும் அசையவில்லை என்றால் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, மெமரி கன்ட்ரோலர் வோல்டேஜைத் தொடுங்கள். பூட் மட்டும் தகராறு என்றால் மெமரி ஃப்ரீக்வென்சியை ஒரு படி குறைத்துப் பூட் செய்வது பல நேரம் போதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அவ்வளவுதான்.

இதெல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 2009-ல் வந்த ஏஎம்டியின் ஃபெனம் 2 பிராசசர் பெரும்பாலும் கோல்ட் பக் இல்லாமல் அடிமட்டம் வரை இறங்கியது, அதனால் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்துக்கு அங்கே வேலை இருந்தது. 2011-ல் ஏஎம்டியின் எஃப்எக்ஸ் 8150 பிராசசர் ஹீலியத்தில்தான் 8.429 கிகாஹெர்ட்ஸ் தொட்டது. மைனஸ் 80-லேயே நின்றுவிடும் சிப்புக்கு நைட்ரஜன் செலவே வீண், மைனஸ் 78.5-ல் நிற்கும் உலர் பனிக்கட்டி போதும்.

ஊற்றுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. குவளை வெதுவெதுப்பாக இருக்கும்போது நைட்ரஜன் தன் ஆவிப்படலத்தின் மேலேயே மிதந்து உருளும், செம்பு மெதுவாகத்தான் குளிரும். ஆழத்துக்குப் போனதும் அந்தப் படலம் உடைந்து, திரவம் செம்பை நேரடியாகத் தொடும். சத்தமே மாறும், எண் சரசரவென்று விழும். எல்லைக்கு 20 டிகிரி மேலே வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுமார் 160 கிலோஜூல் இழுக்கும். 300 வாட் லோடுக்கு அது 9 நிமிடக் கணக்கு. முதலில் குவளையைக் குளிர்விக்கும் செலவும் வீணாவதும் தனி.

அதே ஒரு லிட்டர் சுமார் 700 லிட்டர் வாயுவாகிறது. பக்கத்துக்கு 3 மீட்டர் உள்ள மூடிய அறையில் 10 லிட்டர் ஆவியானால் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 16 வாக்குக்கு இறங்கும். மயக்கம் முன்னறிவிப்பு தராது. சன்னலும் கதவும் திறந்திருக்கட்டும், 19.5-ல் அலறும் ஆக்சிஜன் மீட்டர் மேசைமேல் இருக்கட்டும், நைட்ரஜன் பாத்திரத்தை ஒருபோதும் இறுக மூடாதீர்கள்.

முடிந்ததும் சிஸ்டத்தை உடனே அணைக்க வேண்டாம். வேலை கொடுக்காமல் ஐடிலில் விட்டு, ஹீட் கன்னால் குவளையைப் பிளஸ் 30 வரை கொண்டுவந்தபின் அணையுங்கள். ஃபோமைப் பிரித்து, சாக்கெட்டையும் மெமரி ஸ்லாட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்களுக்கு நடுவே ஒரு துளி பளபளத்தாலும் ஃபேன் காற்றில் ஒருநாள் காயவிட்ட பிறகே மறுபடி மின்சாரம் கொடுக்க வேண்டும்.